எந்த 'சைக்காலஜிஸ்ட்'?



போன வருசம் சித்திக்கு நித்திரை வராமல் போனது. ஜீபி மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்ல, "எனக்கென்ன விசரே?" எண்டு எழும்பி வந்திட்டா. பிறகு ஆரோ சொல்லி, தமிழ் கதைக்கிற ஒரு 'சைக்காலஜிஸ்டிட்ட' போகத் தொடங்கினா. ஒருக்கால் போக 60 பவுண். எட்டுத் தரம் போன பிறகுதான் நான் பதிவேட்டில் தேடினேன். அந்தப் பெயர் இல்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அதுதான் பிரச்சினை.

இங்கே சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார், ஜி.எம்.சி.யில் பதிந்திருப்பார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியலில் பட்டம் பெற்று, பிறகு மூன்று வருடம் முனைவர் பயிற்சி முடித்தவர். மருந்து தரமாட்டார், துயரம் எப்படி உருவானது, எது அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று சேர்ந்து ஆராய்ந்து சிகிச்சை தருவார். 2009 முதல் எச்.சி.பி.சி.யில் பதியாமல் அந்தப் பட்டப்பெயரைப் பாவிப்பது குற்றம். ஆனால் வெறும் 'சைக்காலஜிஸ்ட்', 'கவுன்சிலர்', 'சைக்கோதெரபிஸ்ட்' என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. நல்ல கவுன்சிலர்கள் பி.ஏ.சி.பி. போன்ற சங்கங்களில் தாங்களாகவே சேர்கிறார்கள். சேராவிட்டாலும் கடை திறக்கலாம்.

பட்டம் இருந்தால்தான் ஆறுதல் தரலாம் என்று நான் சொல்ல வரேல்ல. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்துத்தான் போர் காயப்படுத்திய சனத்தை எட்டினார்கள். என் கேள்வி வேறு: பிழை நடந்தால் ஆர் பதில் சொல்லுவார்?

சித்தி காசு கட்டினது தமிழுக்காக. எங்கட மொழியில் கதைக்கிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைக் கண்டுபிடிப்பது லேசில்லை. பயிற்சிக் காலத்தில் என்.எச்.எஸ். சம்பளம் தருகிறது, உண்மை. ஆனால் அந்த இடம் கிடைக்க முதல் வேண்டிய அனுபவத்தைச் சம்பளமில்லாமல் சேர்க்க எந்த வீட்டுப் பிள்ளைக்கு வசதி? கடையில் இரவு வேலை செய்யிறவையின்ர பிள்ளைக்கா?

ஆகவே இரண்டு வேலை. வீட்டில்: பதற்றம், மனச்சோர்வு எண்டால் ஜீபி இல்லாமலே என்.எச்.எஸ். டோக்கிங் தெரபீஸுக்கு நேராக விண்ணப்பிக்கலாம், இலவசம், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. காசு கட்ட முதல் "எங்க பதிஞ்சிருக்கிறீங்கள்?" எண்டும் கேளுங்கோ. வெளியில்: இந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் சட்டப் பதிவு வேண்டும், சம்பளத்தோடு அனுபவம் பெற வழி வேண்டும் என்று உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.

சித்திக்கு விசர் இல்லை. நித்திரைதான் இல்லை. அதை வைச்சு ஒருத்தரும் கணக்குக் காட்டாமல் உழைக்கக் கூடாது.