போலி வேறு, நகல் வேறு!

தபால் தலை சேர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். நாணயம் சேர்ப்பவர்களையும், தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்களையும், வருஷா வருஷம் கொலுவுக்கென்று பொம்மை சேர்ப்பவர்களையும் தெரியும். (கடைசி ரகத்தில் நீங்களே இருக்கக்கூடும்!) குத்துவாள் சேர்ப்பவர்களைத் தெரியுமோ? அதிலும் நிஜமான பழங்காலக் குத்துவாள் அல்ல. ஐந்நூறு அறுநூறு வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் புழங்கிய கத்திகளைப் பார்த்து, இன்றைக்குப் புதிதாகச் செய்த நகல்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் ஏராளம்.

"கத்தியாவது, சேர்ப்பதாவது! வீட்டில் இருக்கிற அரிவாள்மணை போதாதா?" என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். இந்த விஷயத்தில் சண்டையும் ரத்தமும் மட்டும் இல்லை. சாப்பாடும் கல்யாணமும் கூட இருக்கின்றன.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் விருந்துக்குக் கூப்பிட்டால் இலை போடுவார்கள், ஆனால் கத்தி கொடுக்க மாட்டார்கள். (இலை என்றால் நம் வாழை இலை அல்ல, பழைய ரொட்டியைத் தடிமனாக அறுத்து, அதைத்தான் தட்டாக வைத்தார்கள்.) இறைச்சியை அறுக்க அவரவர் கத்தியை அவரவரே இடுப்பில் கொண்டு போகவேண்டும். ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. நம் வீட்டுப் பாட்டி இடுப்பில் சாவிக்கொத்துச் செருகியிருப்பாளே, அதுபோல் அந்த ஊர்ப் பெண்மணிகள் இடுப்புக் கச்சையில் ஒரு சின்ன உறையும் அதற்குள் ஒரு சின்னக் கத்தியுமாக நடமாடினார்கள். இங்கிலாந்தில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் கல்யாணப் பெண்ணுக்கு ஜோடிக் கத்தியைச் சீராகக் கொடுக்கும் வழக்கம் கூட இருந்தது. இரண்டு கத்தியும் ஒரே உறையில், அழகான வேலைப்பாட்டுடன். மாப்பிள்ளைமார் பயந்தார்களா என்பது பற்றிச் சரித்திரம் மௌனம் சாதிக்கிறது.

முள்கரண்டியோ வெகு நாள் கழித்துத்தான் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் 1608-ல் இத்தாலிக்குப் போய், அங்கே ஜனங்கள் முள்கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்து அதிசயித்து, 1611-ல் வெளியான தம் யாத்திரைப் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதினார். ஊரார் அவரைக் கேலி செய்தார்கள். இந்த மனிதர் பிற்பாடு பெரும்பாலும் கால்நடையாகவே இந்தியாவுக்கு வந்து, 1617-ல் சூரத்தில் காலமானார். அது தனிக் கதை.

சரி, நகல் எதற்கு, அசலையே வாங்கலாமே என்று கேட்பீர்கள். அசல் விலை கொள்ளாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: அசல் முழுசாக இருப்பதில்லை. பொருட்காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்துப்போன ஓர் இரும்புத் துண்டு கிடக்கும். மரப்பிடி எப்போதோ மண்ணோடு மண்ணாகியிருக்கும். இதற்கு நேர் எதிரான வேடிக்கை இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி ராஜாவின் 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பல் 1545-ல் மூழ்கி, 1982-ல் மேலே தூக்கப்பட்டது. அதில் டஜன் கணக்கில் குத்துவாள்கள் அகப்பட்டன. ஆனால் கடல் உப்பு இரும்பைத் தின்றுவிட்டது; மரப்பிடிகள்தாம் மிச்சம்! ஓர் இடத்தில் பிடி இல்லாத அலகு, இன்னோர் இடத்தில் அலகு இல்லாத பிடி. இரண்டையும் பார்த்து, அளந்து, ஒன்றாகப் பொருத்தி, அந்தக் கத்தி புதிதாயிருந்த அன்று எப்படிப் பளபளத்தது என்று காட்டுவது நகல் ஒன்றுதான்.

லண்டன் தேம்ஸ் நதிக்கரையை 1970-களிலும் 80-களிலும் தோண்டியபோது கிடைத்த சங்கதி இன்னும் சுவையானது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் தோல் கூட அழுகாமல் இருந்தது. ராஜாக்களின் ரத்தினப் பிடி வாள் அல்ல. தச்சன், மீன்காரன், அடுப்படியில் நின்றவள் – இவர்கள் தொலைத்த சாதாரணக் கத்திகளும், பூவும் கொடியும் போட்ட தோல் உறைகளும். அலகின் வாலை மரப்பிடிக்குள் செருகுவது பழைய முறை. பதினாலாம் நூற்றாண்டு வாக்கில், வாலைப் பட்டையாக விட்டு இரண்டு பக்கமும் மரத்தையோ எலும்பையோ வைத்து ஆணி அடித்து இறுக்கும் முறையும் லண்டனில் பரவிவிட்டது. உங்கள் காய்கறிக் கத்தியை எடுத்துப் பாருங்கள். மரப்பிடியும் ஆணியும் இருந்தால் அதே முறைதான்!

அந்நாளில் ஒரு கத்தி ஒருவர் கையால் ஆனதல்ல. அலகு அடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர், உறை தைப்பவர் ஒருவர். எல்லாவற்றையும் சேர்த்து விற்பவர் கத்தி வியாபாரி. லண்டன் கத்திக்காரர் சங்கத்துக்கு ஐந்தாம் ஹென்றி ராஜா 1416-ல் சாசனம் கொடுத்தார். அலகில் பட்டறை முத்திரை இருக்கும். கத்தி மோசமென்றால் யாரைப் பிடிப்பது என்பது அதிலேயே தெரியும்.

குத்துவாளுக்கு வருவோம். 'ராண்டல்' என்று ஒரு ஜாதி. பிடியின் இரு முனையிலும் அப்பளம் மாதிரி வட்டத் தகடு. அலகு நீண்டு, ஒடுங்கி, விறைப்பாக இருக்கும். இது அறுப்பதற்கல்ல, இரும்புக் கவசத்தின் இடுக்கில் குத்துவதற்கு. இதன் பங்காளி ஒன்றுக்கு 'கருணை' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர்! குற்றுயிராய்க் கிடப்பவனுக்கு விமோசனம் தருவதாம். கேட்கவே உடம்பு கூசுகிறது. மூன்றாம் ரிச்சர்டு ராஜா 1485-ல் போரில் மாண்டார். அவருடைய எலும்புக்கூடு 2012-ல் லெஸ்டர் நகரில் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு அடியில் அகப்பட்டது. சாகும் தறுவாயில் பட்ட காயங்கள் பதினொன்று. அவற்றில் ஒன்பது தலையில். சில குத்துவாளால் ஏற்பட்டிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

இன்னொரு குத்துவாள் உண்டு. 'மேரி ரோஸ்' கப்பலில் கிடைத்தவை பெரும்பாலும் இந்த ரகம்தான். பிடியின் அடியில் இரண்டு உருண்டைகள் இருக்கும். அந்தக் காலத்து மக்கள் கூச்சமின்றி வைத்த பெயரை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. விக்டோரியா மகாராணி காலத்துப் பண்டிதர்களுக்கும் இதே சங்கடம். யோசித்து யோசித்து, 'சிறுநீரகக் குத்துவாள்' என்று மாற்றுப் பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள்.

இத்தனை நகல்களையும் யார் செய்கிறார்கள்? ஸ்பெயினில் டொலெடோ பழம்பெரும் வாள் நகரம்; ஆனால் இன்று அங்கே கடைத்தெருவில் தொங்குபவற்றில் பல, உல்லாசப் பயணிகளுக்கான அலங்காரச் சாமான். இங்கிலாந்தில் தனிக் கைவினைஞர்கள் சிலர் அருமையாகச் செய்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், உலகமெங்கும் போகும் நகல்களில் கணிசமானவை நம் டேராடூனில் பிறந்தவை! 1943-ல் அங்கே தொடங்கிய வின்ட்லாஸ் என்ற நிறுவனம் முதலில் கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரி செய்தது. பிறகு ஐரோப்பிய வாளும் குத்துவாளும் செய்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பத் தொடங்கியது. அங்கே ஒருவர் சுவரில் தொங்கும் 'பதினைந்தாம் நூற்றாண்டு' ராண்டல், இமயமலை அடிவாரத்தில் காய்ச்சி அடித்ததாக இருக்கலாம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நகலை நகல் என்று சொல்லும் வரையில். சொல்லாமல் விட்டால்தான் வில்லங்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பழங்கால மோகம் தலைக்கேறியிருந்தது. 1839-ல் ஸ்காட்லாந்தில் எக்லின்டன் பிரபு என்பவர், பழைய நாள் வீரர்கள் போல் கவசம் பூண்டு குதிரை மேல் மோதும் பெரிய விழா நடத்தினார். கொட்டோ கொட்டென்று மழை கொட்டி எல்லாரும் தொப்பலாய் நனைந்தார்கள். மோகம் மட்டும் நனையவில்லை. மியூனிக் நகரில் எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்பவருடைய பட்டறை, பழைய கவசங்களையும் ஆயுதங்களையும் பார்த்து நகல் செய்து, பட்டியல் அச்சிட்டு விற்றது. நல்ல வேலைப்பாடு. வாங்கியவர்களுக்கு நகல் என்று தெரியும். அவர்களுடைய பேரன்களுக்குத் தெரியுமா? நூறு வருஷத்துத் தூசி படிந்ததும் அதே பொருள் ஏலக் கடையில் 'அசல்' ஆகிவிடுகிறது. திராவகம் ஊற்றித் துருவேற்றி வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

இங்கேதான் பெண்களாகிய நமக்குச் சம்பந்தம் வருகிறது. சேர்த்தவர் கண்ணை மூடிவிடுகிறார். அலமாரியில் இருபது முப்பது குத்துவாள்கள். எது எங்கே வாங்கியது, என்ன விலை, எது நகல், தப்பித்தவறி ஏதாவது அசலா – எல்லாம் அவர் மனத்திலேயே இருந்தது, அவரோடு போய்விட்டது. வியாபாரி வந்து பழைய இரும்பு விலை பேசுகிறான். அல்லது, பொக்கிஷம் என்று நம்பி அந்த அம்மாள் யாருக்கோ அசலென்று விற்று, பிறகு பழிக்கு ஆளாகிறாள். இரண்டும் அநியாயம்.

சில விஷயங்களை நாமே பார்க்கலாம். துருப்பிடிக்காத எவர்சில்வர் மாதிரி எஃகு என்றால் கட்டாயம் புதிது. அந்த எஃகை செஃபீல்ட் நகரில் ஹாரி பிரேயர்லி 1913-ல்தான் வார்த்தார். கையிலெடுத்தால் கடப்பாரை போல் கனக்கிறதா? சந்தேகப்படுங்கள். பழைய குத்துவாள்கள் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள் அடங்கும். பிடிக்குள் மரை போட்டுத் திருகாணி முடுக்கியிருந்தால் அதுவும் இக்காலத்து வேலை. மண்டை ஓடும், வேதாளமும், சிவப்புக் கண்ணாடிக் கல்லும் வைத்திருந்தால் நகல் கூட இல்லை, யாருடைய கனவோ. என் ருசியைக் கேட்டால், இந்தப் பகட்டுக்கெல்லாம் மேல், தேம்ஸ் கரைக் கத்தியைப் பார்த்துச் செய்த ஒரு சாண் சாப்பாட்டுக் கத்தியைத்தான் சொல்வேன். அதில் பழம் நறுக்கலாம்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பினால் துரு ஏறும். துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் லேசாகத் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் பிசுக்குப் பிடிக்கும். தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து அலகைக் கெடுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரிதான் சரி. "நகல்தானே, மொட்டையாகத்தானே இருக்கிறது" என்று வீட்டுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். விளிம்பு மொட்டையானாலும் ராண்டல் நுனி குத்தும். அதற்காகவே பிறந்தது அது.

சட்டமும் உண்டு. இங்கிலாந்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இவற்றை விற்கக் கூடாது. தக்க காரணமின்றித் தெருவில் எடுத்துப் போனால் குற்றம். நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, சர்க்கார் அறிவித்த பகுதிகளில் குத்துவாளுக்கும், வீட்டு வேலைக்கல்லாத ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட கத்திக்கும் லைசென்ஸ் தேவைப்படும். தபாலில் வரவழைக்குமுன் விசாரித்துவிடுவது நல்லது.

ஆங்கிலேயரிடம் ஒரு நம்பிக்கை உண்டு: கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துபோகுமாம். அதனால் வாங்கிக்கொள்பவர் ஒரு காசு கொடுத்து, 'விலைக்கு வாங்கியது' ஆக்கிவிடுவார். உங்கள் வீட்டுச் சேகரிப்பாளரிடம் அந்தக் காசையும் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். செய்தவர் பெயர், வாங்கிய தேதி, விலை, எந்தப் பொருட்காட்சிசாலைக் கத்தியின் நகல், கூடவே ஒரு படம். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம். நோட்டுப் புத்தகம் அவர் மேஜையில் வேண்டாம். நகைப் பெட்டிக்குப் பக்கத்தில், உங்கள் பீரோவில் இருக்கட்டும்.