கேக் இனிக்கும், எங்கள் வீட்டுச் சோறு மட்டும் தீட்டா?

குழந்தைகளுக்குச் சாதி தெரியாது என்று சொல்பவர்கள், இந்த ஊரில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு அழைப்புப் பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும். யார் வருவார்கள், யார் வந்தும் சாப்பிடாமல் கிளம்புவார்கள், யார் பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் வண்டியோடு காத்திருப்பார்கள் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பலூன் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, அந்தக் கணக்கையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

என் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது நிறைகிறது. தருமபுரி நகரத்தில் வாடகை வீடு. அம்மா வீடு அரூர் பக்கத்தில், எல்லாரும் 'காலனி' என்று சொல்லும் தெருவில். பிறந்தநாளை எப்படி நடத்தலாம் என்று பேசியபோது நண்பர்களிடமிருந்து மூன்று ஆலோசனைகள் வந்தன. "வீட்டில் வேண்டாம், பார்ட்டி ஹால் எடுத்துடு." "எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும், சைவமே போட்டுடு." "சாப்பாடு எதுக்கு? கேக் வெட்டி, ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்து அனுப்பிடு." சொன்ன மூவரும் தங்களை முற்போக்காளர்கள் என்று நம்புபவர்கள். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்தை முகப்புப் படமாக வைப்பவர்கள். ஆனால் மூன்று ஆலோசனைகளுக்கும் பொருள் ஒன்றுதான்: உன் வீட்டு அடுப்பை மறைத்துவிடு.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். போன ஆண்டு வீட்டிலேயே சமைத்தோம். மகளோடு படிக்கும் பதினொரு பிள்ளைகள் பெற்றோருடன் வந்தார்கள். கேக்கை எல்லாரும் சாப்பிட்டார்கள். தட்டு எடுத்து வைத்ததும் ஏழு வீட்டாருக்கு அவசர வேலை வந்துவிட்டது. ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு வயிறு சரியில்லை, இன்னொருவருக்கு ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள். கேக் பேக்கரியிலிருந்து வந்தது, சோறு என் அம்மாவின் கையிலிருந்து வந்தது. வேறுபாடு அவ்வளவுதான். கடைச் சரக்குக்குத் தீட்டு இல்லை, சமைத்த கைக்கு உண்டு என்ற பழைய சட்டத்தை ஒரு வார்த்தை பேசாமல் நடத்திக் காட்டிவிட்டுப் போனார்கள். போகும்போது ரிட்டர்ன் கிஃப்ட் பையையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

இதே மாவட்டத்தில், மொரப்பூர் வட்டாரத்தில், விவசாயக் கூலி வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றிக் கொடுத்த காணொளியை 2024 பிப்ரவரியில் நாம் எல்லாரும் பார்த்தோம். மாமியாரும் மருமகளுமாக இருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்கள். நல்லது. கொட்டாங்குச்சிக்கு வழக்கு உண்டு. "நேரமாயிடுச்சுங்க, இன்னொரு நாள் வர்றோம்" என்று சிரித்தபடி எழுந்து போவதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. நகரத்துத் தீண்டாமையோ அதற்கு அகப்படாமல் இருக்க நல்ல பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டுவிட்டது.

பெரியவர்கள் விவகாரத்தில் குழந்தைகளை இழுக்காதே என்பார்கள். குழந்தைகளை இழுத்தது நாங்களா? 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களிடம் "ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குக் கொடுக்க முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள்" என்ற பொருள்படப் பேசித் திருப்பி அனுப்பினார் ஒரு கடைக்காரர். அதை அவர்கள் தரப்பே படம்பிடித்துப் பரப்பியது. கைதும் நடந்தது, சம்பந்தப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையத் தடையும் விதிக்கப்பட்டது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தச் சமையலரை இடமாற்றம் செய்ததுதான். போராட்டம் எழுந்த பிறகே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. யார் கையால் உண்ணலாம் என்ற பாடத்தை இந்தச் சமூகம் பால் பற்கள் விழுவதற்குள் நடத்தி முடித்துவிடுகிறது.

இப்போது அந்த மூன்று ஆலோசனைகளுக்கு வருகிறேன்.

பார்ட்டி ஹால். சில ஆயிரம் ரூபாய் வாடகையில் நாங்கள் வாங்குவது இடத்தை அல்ல, விருந்தாளிகளின் நிம்மதியை. எங்கள் வாசல்படி ஏறாமலே எங்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகும் வசதியை. அவர்களுடைய சாதிக்கு நாங்கள் ஏன் வாடகை கட்ட வேண்டும்?

'பொதுவான' சாப்பாடு. பொது என்றாலே எங்களுடையதை எடுத்துவிடுவது என்று எப்போது முடிவானது? 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. ஒருவர் ஒரு கறியைத் தின்ன மாட்டார் என்றால் அவருக்குச் சாம்பாரும் பொரியலும் சேர்த்துச் சமைக்க எங்களுக்குத் தெரியும். அது விருந்தோம்பல். எங்கள் சட்டியையே கவிழ்த்து வை என்பது வேறு.

கேக் மட்டும் போதும் என்பது மூன்றிலும் மோசமானது. அது போன ஆண்டு எழுந்து போன ஏழு வீட்டாரின் தீர்ப்பை நாங்களே முன்கூட்டி எழுதிக்கொள்வது.

'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் ஜெய்ப்பூர் சமஸ்தானத்து சக்வாரா கிராமத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். புனித யாத்திரை போய்த் திரும்பிய தீண்டப்படாதவர் ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். நெய்யும் பரிமாறினார். தடிகளோடு நூற்றுக்கணக்கில் வந்த சாதி இந்துக்கள் உணவைப் பாழாக்கி, உண்டுகொண்டிருந்தவர்களை அடித்துத் துரத்தினார்கள். அவர்கள் யாரும் அந்தப் பந்திக்கு அழைக்கப்படவில்லை. நாம் பசித்திருப்பதோ, அவர்கள் வீட்டுப் பின்வாசலில் வாங்கி உண்பதோ சாதிக்குப் பிரச்சினையே அல்ல. நாம் விருந்து கொடுப்பவர்களாக நிமிர்வதுதான் பிரச்சினை. அதனால்தான் சுதந்திர நாளில் கோயில்களில் அரசு நடத்தும் சமபந்தி விருந்து எந்த ஆதிக்க சாதிக்காரரின் தூக்கத்தையும் கெடுப்பதில்லை. நம்மைக் கூப்பிட்டு உட்கார வைப்பதில் அவர்களுக்குப் பெருமைகூட உண்டு. நம் வீட்டுக்கு வந்து, நம் தட்டில், நம் கைச்சோறு உண்பதுதான் சோதனை.

பிறந்தநாள் கொண்டாட்டமே நுகர்வுப் பண்பாடு, சாதி எதிர்ப்பாளர்களுக்கு இது எதற்கு என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். என் அம்மாவுக்குத் தன் பிறந்தநாள் தெரியாது. ராகி அறுப்பு நேரம் என்பார் பாட்டி. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொல்லிப் பள்ளியில் சேர்த்த வாத்தியார், ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதினார். அந்தத் தெருவில் அதே தேதியில் 'பிறந்தவர்கள்' நிறையப் பேர். பிறந்த தேதியைக்கூடக் குறித்து வைக்க முடியாதபடி கூலிக்குப் போன தலைமுறையின் பேத்திக்கு, இவள் இந்த நாளில் பிறந்தாள் என்று பத்துப் பேரைக் கூட்டிச் சொல்வது ஆடம்பரம் அல்ல. கடன் வாங்கிச் செய்யாதீர்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். செய்யவே வேண்டாம் என்பதை, பிறந்தநாள் எப்போதும் கிடைத்தவர்கள் தங்கள் வீட்டிலிருந்து தொடங்கட்டும்.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936இலேயே அதே நூலில் எழுதிவிட்டார். பிறகு ஏன் ஒரு குழந்தையின் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்கலாம். இரண்டுக்கும் உள்ள தொடர்பு எதிர்த்தரப்புக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் என் பதில். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு காதல் திருமணம். பிள்ளைகளின் சான்றிதழ்களும் அந்தத் தீயில் போயின. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசன் தருமபுரி ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். இருபது வயதில் பிரிக்க ஊரையே கொளுத்த வேண்டியிருக்கிறது. ஐந்து வயதில் பிரிக்க "அங்க சாப்பிடாதே" என்ற ஒரு வார்த்தை போதும். சாதிக்கு எது மலிவு என்று அதற்குத் தெரியும்.

ஆகவே இந்த ஆண்டும் வீட்டில்தான். என் அம்மா சமைப்பார். அரூர்த் தெருவிலிருந்து அவளுடைய மாமன் பிள்ளைகள் வருவார்கள், வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள், எல்லாரும் ஒரே பாயில் உட்காருவார்கள். கேக்கைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் வெட்டப் போகிறோம்.

இதைப் படிக்கும் ஆதிக்க சாதித் தோழர்களிடம் கேட்பது அதிகமில்லை. உங்கள் பிள்ளையோடு, அக்கா பிள்ளையோடு, அண்ணன் பிள்ளையோடு படிக்கும் தலித் குழந்தையின் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போங்கள். பெற்றோரையும் கூட்டிப் போங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள், இன்னொரு கரண்டி கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும் வழியில் உங்கள் அம்மா ஏதாவது முணுமுணுத்தால், பிள்ளையின் காதில் விழும்படியே அங்கேயே பதில் சொல்லுங்கள். உங்கள் முகநூல் பதிவுகளை எங்கள் வீட்டில் யாரும் படிப்பதில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பதை மட்டும் என் மகள் பார்த்துக்கொண்டிருப்பாள்.