ஒரே பொருளுக்கு ஒரே எடை

காஞ்சிபுரத்தில் பட்டும் நெல்லும் நிறையினாலேயே கைமாறுகின்றன. பட்டு நூலும் ஜரிகையும் நிறுத்தே நெசவாளரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. நெய்த சேலையும் நிறுத்தே திரும்பப் பெறப்படுகின்றது. சுற்றிலுமுள்ள ஏரிப்பாசனக் கிராமங்களில் விளையும் நெல், கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகளாக நிறுக்கப்படுகின்றது. ஒரே பொருள் காலையில் ஓர் எடையும் மாலையில் வேறோர் எடையும் காட்டுமாயின், உடனே நிறுப்பவர் நாணயத்தின்மேல் சந்தேகம் எழும். மோசடி உள்ளவிடத்து அது தண்டிக்கப்பட வேண்டியதே. ஆயினும் மோசடி யாதுமின்றியே எடை மாறுவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அறியாத ஊரில் நேர்மையுள்ளவர் பழி சுமப்பர். நேர்மையற்றவர் எளிதில் தப்புவர்.

முதற் காரணம் பொருளிலேயே உள்ளது. பட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முற்றிலும் உலர்ந்த 1,000 கிராம் பட்டுக்கு 110 கிராம் ஈரம் சேர்த்து வியாபார எடை கணிப்பது உலக வழக்கு. ஐப்பசி மழையில் நிறுத்துக் கொடுத்த நூல் பங்குனி வெயிலில் குறைந்து காணப்படுதல் இயற்கையே. நெல்லும் இத்தகையதே. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 17 சதவீதத்துக்கு உலர்ந்தபின் ஏறக்குறைய 96.4 கிலோ நிற்கும். கொள்முதலுக்கு 17 சதவீதமே பொதுவான வரம்பாதலால், ஈரமானி சிறிது பிசகினாலும் விவசாயி மூட்டைகளுடன் களத்தில் காத்துக்கிடக்க நேரும். அதற்குள் மழை பெய்தால் நெல் முளைத்துவிடும்.

இரண்டாவது காரணம் கருவி. தராசுக்கோலின் இரு கைகளும் சமமில்லாவிடில், எடைக்கல் எவ்வளவு சுத்தமானதாயினும் பயனில்லை. இதற்கு எளிய பரிகாரம் உண்டு. பொருளை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் மணலிட்டு முள்ளை நேர்நிறுத்துக. பின்னர் மணலைத் தொடாமல் பொருளை மட்டும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் முத்திரையிட்ட எடைக்கற்களை முள் மீண்டும் நேர்நிற்கும்வரை வைத்தால், கோல் கோணலாயிருப்பினும் உண்மை எடை கிடைக்கும்.

மின்னணுத் தராசு வந்தபின் இக்கவலை ஒழிந்ததென்று சிலர் கருதுகின்றனர். இது சரியன்று. சமமில்லாத தரையும் காற்றும் அதனையும் தடுமாறச் செய்யும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், எடைக்கற்களுக்கும் கோல் தராசுக்கும் 24 மாதத்துக்கொரு முறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கொரு முறையும் முத்திரைச் சோதனை விதித்துள்ளன. முத்திரை அன்றைய நிலைக்கே சாட்சி. நாள்தோறும் பணி தொடங்குமுன் வெறுந்தட்டு பூஜ்யம் காட்டுகிறதாவென்று பார்த்து, 20 கிலோ எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துச் சோதித்தல் வேண்டும். ஐந்திடத்தும் ஒரே எடை வாராத தராசில் அன்று ஒரு மூட்டையும் ஏற்றலாகாது.

மூன்றாவது காரணம் கையாளும் முறை. மேல்மூட்டையிலிருந்து ஒருபிடி நெல்லை எடுத்து ஒருமுறை ஈரம் பார்ப்பது போதாது. பல மூட்டைகளின் மேலும் நடுவும் அடியும் எடுத்துக் கலந்து, வெயிலில் காய்ந்த சூடு ஆறியபின், ஒரே முறையில் மும்முறை பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் சராசரியை ஏற்கலாம். ஒன்று வெகுவாய் விலகினால் காரணத்தை ஆராய்ந்து மறுபடி பார்க்க வேண்டும். தமக்குச் சாதகமான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விடுதல் இரு தரத்தார்க்கும் தகாது.

இம்மாவட்டத்து உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுள் பொன்வாரியம் என ஒன்றையும் குறிக்கின்றன. பொன்னைப் பற்றிய பொறுப்பை ஊரார் ஒரு வாரியத்திடம் ஒப்படைத்திருந்த நாடு இது. ஆகையால் கிராம அதிகாரிகள் ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் முத்திரை எடைக்கல்லொன்றும் குறிப்பேடொன்றும் இருக்கும்படி கவனித்தல் வேண்டும். காலைச் சோதனையின் முடிவையும் மும்முறை கண்ட ஈர அளவுகளையும், விற்பவர் வாங்குபவர் இருவர் முன்னிலையிலும் அதில் எழுதிவிடுக. விவசாயிகளும் அக்குறிப்பேட்டைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சங்கொள்ள வேண்டுவதில்லை. இதற்குச் செலவு சொற்பம்; அறுவடைக் காலத்தில் இதனால் தவிரும் சச்சரவோ பெரிது.