இளவெயில் மருந்தல்ல

“பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம்தான். காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் தானாகப் போய்விடும்.” குழந்தை பிறந்த வீடுகளில் இந்தப் பேச்சு கேட்காமல் இருக்காது. பாட்டி சொல்கிறார், பார்க்க வந்தவர்கள் சொல்கிறார்கள், சில இடங்களில் வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவப் பணியாளர்களே சொல்லி அனுப்புகிறார்கள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியராக இதை நான் உறுதியாக மறுக்கிறேன். இதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் மீதிப் பாதியைக் கேள்வி கேட்கவிடாமல் தடுக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் சுமார் 80 பேருக்கும் முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகிறது. சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்றும் வேகம் பிஞ்சுக் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு வாரத்தில் அந்த வேகம் வந்துவிடும், மஞ்சளும் இறங்கிவிடும்.

“எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் வெயிலில்தானே சரியானது?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அந்தப் பிள்ளைகளை வெயிலில் காட்டாமல் இருந்திருந்தாலும் சரியாகியிருக்கும். தானாக இறங்கிய மஞ்சளுக்கான பெயரை வெயில் தட்டிக்கொண்டு போகிறது. தானாக இறங்காத மஞ்சள் வரும்போதுதான் அந்தப் பெயரை நம்பிக் குடும்பம் ஏமாறுகிறது.

ஆனாலும் வெயிலுக்கு மஞ்சளைக் குறைக்கும் ஆற்றல் உண்டு என்பது உண்மைதான்; அதை முதலில் கண்டவர் ஒரு செவிலியர். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனையில், 1956ஆம் ஆண்டு, குறைமாதக் குழந்தைகளைக் கவனித்துவந்த சிஸ்டர் ஜீன் வார்டு, நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுசெல்வார். ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அடர்மஞ்சள். துணியின் மூலை மறைத்திருந்த இடம் அது. மருத்துவர் கிரெமரும் அவருடைய சகாக்களும் அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1958இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள்.

இன்று வெயிலுக்கு வக்காலத்து வாங்குவோர் அந்த முக்கோணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். துணி மூடிய தோலில் மஞ்சள் அப்படியே இருந்தது. நாமோ தொப்பி, சட்டை, துண்டு எல்லாம் சுற்றி, முகத்தில் மட்டும் சற்று நேரம் வெயில் படவைத்து, வைத்தியம் முடிந்ததென்று உள்ளே தூக்கிவருகிறோம். அந்த ராச்ஃபோர்ட் மருத்துவர்களும் வெயிலோடு நின்றுவிடவில்லை. விளக்குகளைக் கொண்டு கருவி செய்தார்கள். விளக்கின் ஒளியை அளக்கலாம், இரவிலும் கொடுக்கலாம். இன்றைய நீல விளக்கின் கீழ் குழந்தை கண்ணை மூடிய பட்டையும் டயப்பரும் தவிர வெற்றுடம்பாக, பால் குடிக்கும் நேரம் போக, மணிக்கணக்கில் கிடக்கிறது. நைஜீரியாவில் சூரிய ஒளியையே பயன்படுத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. புற ஊதாக் கதிரை வடிகட்டும் படலம் போர்த்திய கூடாரத்தில், உடல் வெப்பத்தைக் கண்காணித்தபடி, குழந்தைகளைப் பல மணி நேரம் வைத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. மொட்டைமாடி வெயிலுக்கும் அதற்கும் உறவே இல்லை. வெயிலை இதற்குச் சிகிச்சையாகப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறி வெளிப்படையாகவே சொல்கிறது.

இளவெயில் குழந்தைக்குச் செய்யும் பெரிய கெடுதல், அது தின்றுவிடும் நேரம். மஞ்சள் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். சுகப்பிரசவமானால் தாயும் சேயும் அதற்குள் வீட்டில் இருப்பார்கள். “இன்னும் இரண்டு நாள் வெயிலில் காட்டிப் பார்ப்போம்” என்று காத்திருந்து கொண்டுவரும் குழந்தை, பால் குடிக்காமல், எழுப்பினாலும் எழாமல் துவண்டு வருகிறது. சில குழந்தைகள் கீச்சுக்குரலில் அழுது, முதுகை வில்லாக வளைக்கின்றன. பிலிரூபின் மூளையைத் தொட்டுவிட்டதன் அறிகுறிகள் இவை. அப்போது விளக்கோடு, உடலின் ரத்தத்தையே மாற்றும் சிகிச்சையும் அவசரமாகத் தேவைப்படலாம். பிழைத்தாலும் கை கால்கள் கட்டுக்குள் வராத மூளை முடக்குவாதமும், காது கேளாமையும் வாழ்நாள் முழுதும் தங்கிவிடக்கூடும். சரியான நேரத்தில் விளக்கில் வைத்திருந்தால் ஏறக்குறைய முழுவதும் தவிர்த்திருக்கக்கூடியது இது.

கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. மாநிறக் குழந்தையிடம் மஞ்சள் எளிதில் தெரியாது. அளவு தெரிந்தாலும் குழந்தையின் வயதை வைத்துத்தான் அதற்குப் பொருள். பிலிரூபின் 12 (ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) என்பது முதல் நாளிலேயே வந்தால் சிகிச்சைக்கு உரியது. நிறைமாதக் குழந்தைக்கு ஐந்தாம் நாளில் அதே 12 பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாதது. தாய்க்கு நெகட்டிவ் ரத்தமாகவோ ‘ஓ’ பிரிவாகவோ இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைக்குப் பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்த துணியைச் சுற்றினாலே சிவப்பணுக்கள் வேகமாகச் சிதைந்து மஞ்சள் ஏறலாம்.

சர்க்கரைத் தண்ணீர், நாட்டு மருந்து எதுவும் வேண்டாம். மஞ்சளுக்காகத் தாய்ப்பாலை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடித்தால் மலத்தோடு பிலிரூபின் வெளியேறும்.

பெற்றோரே, பாட்டிமாரே, முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும், மலம் வெளுத்துப் போனாலும், இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு அனுப்பும் சிஸ்டர்களே, “வெயிலில் காட்டுங்கள்” என்பதற்குப் பதிலாக, எந்த நாளில் திரும்ப வர வேண்டும் என்று தேதி எழுதிக் கொடுங்கள். பிலிரூபினை அளக்கச் சில துளி ரத்தம் போதும். மூளை சேதமடைந்த பிறகு அதைத் திருப்பித் தர எந்த மருத்துவமனையாலும் முடியாது.