ஆசன எண்ணும் அன்னையின் கவலையும்

விமானப் பிரயாணத்துக்கு முற்கூட்டியே ஆசன எண்ணைப் பெற்றுக்கொண்டவர்கள், அவ்வாசனம் தமக்கே உரியதென்று நிம்மதியாக இருந்துவிடுகின்றனர். உண்மையில் அந்த எண் குறிப்பிட்ட ஒரு விமானத்துக்கு உரியது. விமானம் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தாய், தந்தை, ஆறு வயதுச் சிறுமி ஆகிய மூவருக்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் 24ஆம் வரிசையில் அருகருகே ஆசனங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அன்று பிரயாணிகள் குறைவாதலால், கம்பனியார் ஏ.டி.ஆர். 72 என்னும் சிறிய விமானத்தை அனுப்பிவிடுகின்றனர். முன்னையதில் வரிசைக்கு ஆறு ஆசனங்கள். ஏறக்குறைய 180 பேர் செல்லலாம். பின்னையதில் வரிசைக்கு நான்கே ஆசனங்கள்; 78 பேருக்கு மேல் இடமில்லை. அங்கே 24ஆம் வரிசை ஏது? கணினி புதிதாக இடம் ஒதுக்குகின்றது. தாய் ஓரிடம், தந்தை வேறோரிடம். குழந்தையோ முன்பின் அறியாத ஒருவருக்கு அருகில்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏ.டி.ஆர். விமானத்திற் பிரயாணிகள் ஏறி இறங்கும் வாயில் பின்புறத்தில் உள்ளது. விரைவில் இறங்கலாமென்று முன்வரிசைக்குப் பணம் செலுத்தியவரே கடைசியில் இறங்க நேரிடும்.

விமானத்தை மாற்றுவது குற்றமன்று. பழுதும் காலநிலையும் யார் கையிலும் இல்லை. ஆனாற் குழந்தையைப் பிரித்துவைப்பது தகாது. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பதிவிற் பிரயாணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகிலாவது ஆசனம் ஒதுக்கவேண்டுமென்று 2024 ஏப்ரலில் விமானக் கம்பனிகளைப் பணித்தது.

‘ஒரே பதிவில்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். தந்தைக்கு ஒரு நாள், தாய்க்கும் பிள்ளைக்கும் மறுநாள் எனத் தனித்தனியே சீட்டு வாங்கினால், அவர்கள் ஒரு குடும்பத்தினர் என்பதைக் கணினி அறியாது. புறப்படும் நாட்காலையில் ஆசன எண்ணை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று. மாறியிருந்தால், விமான நிலையத்தில் உள்ள உத்தியோகத்தரிடமே முறையிடுங்கள். விமானத்துள் ஏறிய பின்னர் நினைத்த இடத்தில் அமர்தல் கூடாது. சிறிய விமானத்தில் நிறை சமமாகப் பரவியிருத்தல் அவசியம். பணிப்பெண்ணின் அனுமதி பெற்றே இடம் மாறவேண்டும்.

தனியே பிரயாணம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. ஜன்னலோரம் உங்களுக்கு ஒரு மணி நேர இன்பம். பக்கத்திலுள்ள பிள்ளைக்கோ தாயின் கை வேண்டும். எழுந்து இடங்கொடுங்கள்.