படிச்சது லினக்ஸ், கிடைச்சது மெயின்ஃபிரேம்: பச்சைத் திரைக்குள்ள ஒரு யூனிக்ஸ் ஷெல் இருக்கு, தெரியுமா?

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வரும் ஐ.டி. இளைஞரிடம் சித்தப்பா, பெரியப்பா கேட்கும் முதல் கேள்வி, 'என்ன ப்ராஜெக்ட்ப்பா?' 'ஏ.ஐ.' என்றால் சபையில் மரியாதை. 'மெயின்ஃபிரேம்' என்றால், 'அது இன்னுமா இருக்கு?' என்பார்கள். கல்லூரியில் பைத்தானும் லினக்ஸும் படித்துவிட்டு ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் கோபால் கோடு முன் உட்காரும் பலருக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்: இதுல மாட்டிக்கிட்டோமோ?

இன்னுமா இருக்கு?

இருக்கு. ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது 1964-ல். சென்னை ஐஐடிக்கு ஜெர்மனியின் உதவியோடு அதன் அடுத்த தலைமுறையான 370/155 வந்தது 1973-ல். அந்த வம்சத்தின் புது வாரிசான இசட்17, 2025 ஏப்ரலில் அறிமுகமானது. நம்ம ஊர் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் வேறு வகை சர்வர்களுக்குப் போய்விட்டன. ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்னும் இதை நம்பித்தான் இருக்கின்றன. அந்த வேலைதான் சென்னைக்கு வருகிறது.

ஷெல் எங்கிருந்து வந்தது?

மெயின்ஃபிரேமின் முக்கிய இயங்குதளம் இசட்/ஓஎஸ். இதன் முன்னோடியான எம்விஎஸ்-ல் 1990-களின் முதல் பாதியில் 'ஓப்பன் எடிஷன்' என்ற பெயரில் யூனிக்ஸ் வசதியை ஐபிஎம் சேர்த்தது. இதன் ஷெல், கனடாவின் எம்கேஎஸ் நிறுவனத்தின் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. 1996-ல் அதிகாரப்பூர்வ 'யூனிக்ஸ்' முத்திரையும் கிடைத்தது. இன்றைய பெயர், யூனிக்ஸ் சிஸ்டம் சர்வீசஸ்.

இது தனி மெஷினோ, உள்ளே ஓடும் லினக்ஸோ இல்லை. அதே இயங்குதளத்தின் இன்னொரு வாசல். டிஎஸ்ஓ-வில் லாகின் செய்து 'ஓஎம்விஎஸ்' என்று டைப் செய்தால் ஷெல் திறக்கும். எல்எஸ், கிரெப், ஆக் எல்லாம் வேலை செய்யும். ஒரு சின்ன ஏமாற்றம்: இந்தப் பச்சைத் திரை வழியாக வந்தால் 'விஐ' எடிட்டர் ஓடாது. என்டர் தட்டினால்தான் திரை எதையும் அனுப்பும். விஐ-க்கோ ஒவ்வொரு கீயும் உடனுக்குடன் போயாக வேண்டும். அதனால் அனுபவசாலிகள் நேராக எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே வந்துவிடுவார்கள்.

எங்கே தடுக்கும்?

முதல் அடி எழுத்துருவாக்கத்தில் விழும். பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகையை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்துகள் வருமே, அதே கதை. நம் லேப்டாப்பில் ஆங்கில பெரிய 'ஏ'-வின் எண் 65 (ஆஸ்கி). மெயின்ஃபிரேமில் அதுவே 193 (எப்சிடிக்). ஸ்கிரிப்ட்டை அப்படியே பைனரியாக ஏற்றினால் ஷெல்லுக்கு ஒன்றும் புரியாது. 'சிஹெச்டேக்' கமாண்டால் ஃபைலுக்கு எந்தக் குறியீடு என்று அடையாளம் ஒட்டி, தானியங்கி மாற்றத்தையும் ஆன் செய்தால் பிரச்சினை தீரும். புதுசா சேர்ந்தவர்களின் ஒரு முழு நாளை இது தின்றுவிடும்!

இரண்டாவது, ஃபைல்கள். யூனிக்ஸ் பக்கம் ஃபோல்டர், அதற்குள் ஃபைல். அந்தப் பக்கம் 'டேட்டாசெட்'. பஞ்ச் கார்டு காலத்தின் 80 எழுத்து வரி நீளம் இன்னும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. சாதாரண 'சிபி' கமாண்டே இரண்டு பக்கத்துக்கும் காப்பி செய்யும் என்பது பெரிய நிம்மதி. ஜேசிஎல் வேலையைக்கூட ஷெல்லிலிருந்தே 'சப்மிட்' செய்யலாம். அதற்காக ஜேசிஎல் படிக்காமல் தப்பிக்க முடியாது.

வாசல் திறந்தால் திருடனும் வரலாம்

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. ஷெல்லுக்குள் வர, பாதுகாப்பு மென்பொருளான ராக்ஃபில் அந்தப் பயனருக்கு ஒரு யூஐடி எண் வேண்டும். எண் பூஜ்யம் என்றால் சர்வ அதிகாரம். வேலை சுலபமாக முடியட்டும் என்று பூஜ்யத்தை வாரி வழங்குவது கோயில் சாவியை நாலு பேரிடம் கொடுத்துவைப்பது மாதிரி. 2012-ல் ஸ்வீடனில் லாஜிகா நிறுவனத்தின் மெயின்ஃபிரேமுக்குள் ஊடுருவியவர்கள், யூனிக்ஸ் பக்க ஓட்டைகளைப் பயன்படுத்தித்தான் அதிகாரத்தைக் கூட்டிக்கொண்டார்கள். அந்த வழக்கில் 2013-ல் தண்டனை பெற்றவர், பைரேட் பே தளத்தை நிறுவியவர்களில் ஒருவர். ஆக, லினக்ஸ் பாதுகாப்பும் தெரிந்து, ராக்ஃபும் தெரிந்த ஆளுக்கு மெயின்ஃபிரேம் டீமில் தனி மதிப்பு உண்டு.

எங்கே கத்துக்கலாம்?

2018-ல் தொடங்கிய 'ஸோவே' என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம், விஎஸ் கோடு எடிட்டரிலிருந்தே மெயின்ஃபிரேமைத் தொட வழி செய்கிறது. பழகிப் பார்க்க, ஐபிஎம்-ன் 'இசட் எக்ஸ்ப்ளோர்' தளம் நிஜ இசட்/ஓஎஸ்-ஸில் இலவசக் கணக்கு தருகிறது; அதில் யூனிக்ஸ் பயிற்சிகளும் உண்டு. சென்னைக்குப் போகணும்னு இல்லை, கிரிவலப் பாதை வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். லேப்டாப் மட்டும் வேண்டும். மொபைல் திரையில் முயன்றால் கண்தான் வலிக்கும்.