சமவெளியின் வாயில் யாருக்கு?

பொதுச் சொத்து என்பது யாது? எல்லோருடைய பெயரிலும் எழுதப்பட்டிருந்தும் வசதி படைத்த சிலர் மாத்திரமே சென்றடையக் கூடியதாய் ஒன்று இருக்குமாயின், அதனைப் பொதுச் சொத்து என அழைத்தல் பொருந்துமா? நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு 2,100 மீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியை நினைக்கும்போதெல்லாம் இவ்வினா எம் உள்ளத்தில் எழுகின்றது.

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா நகரம் நெரிசலாற் திணறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். விடுமுறை நாட்களிற் பொழுது புலருமுன்னரே பட்டிப்பொல வழியாகவும் ஒகிய வழியாகவும் மோட்டார் வண்டிகள் சாரிசாரியாகச் சமவெளியை நோக்கி ஏறுகின்றன. உலக முடிவு எனப்படும் பாறை விளிம்பில் நின்று, 800 மீற்றருக்கும் மேலான பள்ளத்தைக் காண்பதே வருவோரின் ஆவல். ஆனால் காலை 9 மணி, 10 மணியாகிவிட்டாற் பெரும்பாலும் பனிமூட்டம் எழுந்து அக்காட்சியை மூடிவிடும். ஆதலின் நாள் முழுவதும் பரந்து வரவேண்டிய கூட்டம் இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்குள் ஒரே ஒடுங்கிய பாதையிற் குவிகின்றது. ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நீளமான அச்சுற்றுப் பாதையில் ஆளை ஆள் இடித்துக்கொண்டு நடக்கின்றனர். பாதையோரப் புல் மிதிபட்டு மடிகின்றது. காட்டிற் கூச்சத்துடன் மேய வேண்டிய மரைகள், வண்டிகள் நிறுத்துமிடத்திலே மனிதர் எறியும் தீனிக்காகக் காத்து நிற்கின்றன.

இத்தனை பெருங் கூட்டத்திலும் அரிதாகவே காணப்படுவோர் யார்? சமவெளியின் அடிவாரத்திலேயே குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்! டயகம, அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் லயங்களில் விடியற்காலையிற் கதவைத் திறந்தால் அந்த மலைத்தொடரே கண்முன் நிற்கின்றது. எனினும் அங்கே பிறந்து, அங்கே கொழுந்து பறித்து, அங்கேயே மண்ணாகிப் போனவர்களுள் எத்தனை பேர் அம்மலைமேல் ஒருநாளேனும் கால் வைத்திருப்பர்? கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வருவோர் காணும் காட்சியை, கூப்பிடு தூரத்திலுள்ளோர் காணாதிருப்பது விந்தையன்று, அநீதி.

சமவெளியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். ஆங்கிலத் தேசாதிபதி ஒருவரின் பெயரைத் தாங்கிய இப்புல்வெளி, ஒரு காலத்தில் வெள்ளைத் துரைமாரின் வேட்டைக் களமாய் விளங்கிற்று. இன்று வருவோரை வரவேற்கும் ‘பார் இன்’ கட்டடமும் அந்நாளில் வேட்டை விடுதியே. கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைகள் மொட்டையடிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுக என 1873 இல் தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கர் கூறிய அறிவுரையே எஞ்சிய காட்டைக் காத்தது. 1960 களிற் புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கும் பயிரிட்டுப் பார்த்தனர். பின்னர் 1969 இற் காப்பிடமாகவும், 1988 இல் தேசியப் பூங்காவாகவும் இது பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இற் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைக்காடும் இதனுடன் சேர்க்கப்பட்டு, இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அழகுக்காக மட்டும் இதனைக் காக்க வேண்டுமென நாம் கூறவில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் நீர் சுரக்கும் தலைநிலம் இது. மேகத்தைப் பிடித்து நீராக்கி மண்ணுக்குள் இறக்கிவிடும் வேலையை அக்குள்ளமான மரங்கள் செய்கின்றன. வெலிமடையிற் கிழங்கு நடுபவனும், கொட்டியாரக் குடாவை அண்டி மகாவலி நீரில் நெல் விளைவிப்பவனும், தலவாக்கலையில் மின்விளக்கின் கீழ்ப் படிக்கும் மாணவனும் இம்மலைக்குக் கடன்பட்டவர்களே. ஆதலின் வாயிலை அகலத் திறந்துவிட்டு, வருவோரெல்லாம் வருக என்று கூவுவது அறியாமையாகும். எல்லை வேண்டும், அதில் எமக்கு ஐயமில்லை. அந்த எல்லையை எதனால் வகுப்பது, பணத்தாலா நீதியாலா என்பதே கேள்வி.

வாயிற் கட்டணத்தைப் பற்றி முதலிற் கூறுவோம். உள்நாட்டவரிடம் ரூபாவிற் சிறு தொகையும், வெளிநாட்டவரிடம் டொலர்க் கணக்கிற் பெருந் தொகையும் அறவிடப்படுகின்றன. இவ்வேறுபாட்டை நாம் குறை கூறவில்லை. செல்வம் மிகுந்த அமெரிக்காவே தன் புகழ்பெற்ற 11 தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவரிடம் 100 டொலர் மேலதிகமாக அறவிடும் முறையை 2026 சனவரியிற் புகுத்திற்று. ஆனால் உள்நாட்டவரின் சீட்டு மலிவு என்று கூறி அதிகாரிகள் அமைதியடைந்து விடலாகாது. சீட்டின் விலை வேறு; சென்றுவரும் செலவு வேறு.

கணக்கைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை! அத்தொழிலாளி தன் மனைவி மக்களுடன் சமவெளிக்குச் செல்ல விரும்பினால், வாடகை வண்டி பிடிக்க வேண்டும். நுவரெலியா நகரிலிருந்தே 30 கிலோமீற்றருக்குக் குறையாத மலைப்பாதை. வண்டிக்கு வாயிலிலே தனிக் கட்டணம். அன்று பேர் போடாவிட்டாற் கணவனுக்கும் மனைவிக்கும் நாட்கூலி நட்டம். எல்லாவற்றையும் கூட்டினால், பல நாட் சம்பளம் ஒரு காலைப் பொழுதிற் கரைந்துவிடும். சொந்த மோட்டார் வண்டி உள்ளவருக்கு மலிவான சீட்டு, வண்டி இல்லாதவருக்கு எட்டாத சீட்டே ஆகின்றது. அவனை மறிப்பது வாயிற் காவலன் அல்லன், வழிச்செலவே.

இனி, கூட்டம் மிகுந்துவிட்டது, ஆதலாற் கட்டணத்தை உயர்த்துங்கள் என்று ஆலோசனை கூறுவோர் உளர். கற்றவர் சிலரும் இவ்வாறு பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். அன்பர்களே, விலையை உயர்த்தினாற் கூட்டம் குறையும் என்பது மெய்யே. ஆனால் யார் குறைவர்? உயர்ந்த விலை நுவரெலியா விடுதியில் அறை எடுத்துத் தங்கக் கூடியவரைத் தடுக்காது. ஒரு முறையேனும் பார்த்துவிட வேண்டுமென்று ஆண்டு முழுவதும் சில்லறை சேர்த்தவரையே அது திருப்பி அனுப்பும்.

இதனைப் பட்டணத்தாரைவிடக் கமக்காரர் நன்கு உணர்வர். இரணைமடுக் குளத்திற் சிறுபோகத்திற்கு நீர் போதாதபோது என்ன செய்கின்றனர்? அதிக விலை கொடுப்பவனுக்கு மதகைத் திறந்து விடுகின்றனரா? இல்லை. கமக்காரர் கூடிப் பேசி, பயிரிடும் ஏக்கரைக் குறைத்து, உள்ளதைப் பங்கிட்டு, வாய்க்காலில் முறை வைத்து நீர் பாய்ச்சுகின்றனர். பெரிய கமக்காரனானாலும் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். குறைந்த பொருளை முறையாற் பங்கிடும் இவ்வறம் எம் மக்களுக்குப் புதிதன்று. குளத்து நீருக்குப் பொருந்தும் நீதி, அந்நீருக்குத் தாயான மலைக்குப் பொருந்தாதா?

பிற இடங்களில் இவ்வழியிற் சில முயற்சிகள் நடந்துள்ளன. தமிழ்நாட்டில் உதகமண்டலமும் கொடைக்கானலும் வண்டிகளால் மூச்சுமுட்டியபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் முன்னனுமதிச் சீட்டு முறை வந்தது. அச்சீட்டுக்குக் கட்டணம் இல்லை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என எல்லையும் வகுக்கப்பட்டது. பொதுப் பேருந்திலும் இரயிலிலும் செல்வோருக்கும், உள்ளூர் வண்டிகளுக்கும், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் அவ்வெல்லை இல்லை. மட்டுப்படுத்த வேண்டியது வண்டிகளையே அன்றி எளிய மக்களை அன்று என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. எம்மவரைப் போன்றே தமிழ்த் தொழிலாளர் தேயிலை வளர்க்கும் மூணாற்றின் அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவிலோ, வருவோர் தம் வண்டிகளைக் கீழே விட்டு, வனத்துறையின் பஸ் வண்டியில் ஏறியே மேலே செல்கின்றனர். வரையாடு குட்டி போடும் காலத்திற் பூங்காவையே மூடிவிடுகின்றனர். அங்கே செய்யக்கூடியது இங்கே ஏன் ஆகாது?

எம் மலைநாட்டிலேயே மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வழியே சிவனொளிபாதமலைக்குச் செல்லும் அடியாரிடம் எவரும் வாயிற் சீட்டுக் கேட்பதில்லை. மார்கழிக் காலப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை பௌத்தரும் சைவரும் இஸ்லாமியரும் கிறித்தவரும் அந்தப் படிகளில் ஏறுகின்றனர். தோட்டத் தொழிலாளி அங்கே யாருக்கும் தாழ்ந்தவனல்லன். மலை எல்லோருக்கும் உரியது என்பதை நேரிற் காணவேண்டுமாயின் அங்கே காணலாம். ஆயினும் பருவம் முடிந்தபின் அம்மலைச் சரிவிற் கிடக்கும் பிளாத்திக்குப் போத்தல்களையும் பொலித்தீன் உறைகளையும் கண்டவர் வெட்கித் தலைகுனிவர். உரிமை மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு அக்குப்பையே சாட்சி.

உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற பிரிவைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி மலிவுச் சீட்டு வாங்குவது பிறருக்குச் சிறு செயல். மலையகத் தமிழருக்கோ அந்த அட்டையின் பின்னே நீண்ட கண்ணீர்க் கதை உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குறை தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. நீலகிரிக்கும் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் அனுப்பப்பட்டவரின் பேரன் ஒருவன், தன் பாட்டன் வெட்டித் திறந்த மலையைக் காண இன்று வருவானாயின், அவன் டொலர் வரிசையிலே நிற்க வேண்டியவனாகின்றான். இந்தியா தன் கடல்கடந்த குடியுரிமை அட்டையுடையோரிடம் தேசியப் பூங்காக்களில் இந்தியருக்குரிய கட்டணத்தையே பெறுகின்றது. தானாகப் பிரிந்து சென்றோருக்கே அச்சலுகை உண்டெனின், ஒப்பந்தத்தாற் பிரித்து அனுப்பப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு இலங்கை அதைச் செய்தல் தகாதா?

ஆகவே, வனசீவராசிகள் திணைக்களத்தாரிடமும் அரசாங்கத்தாரிடமும் நாம் வேண்டுவன இவை:

முதலாவது, நாளொன்றுக்கு இத்தனை பேர், மணித்தியாலத்துக்கு இத்தனை பேர் எனப் பாதை தாங்கக்கூடிய எண்ணிக்கையை வரையறுத்து வெளியிடுக. அதில் ஒரு பங்கை மாவட்டத்து மக்களுக்கென ஒதுக்குக.

இரண்டாவது, முன்பதிவை இணையவழிக்கு மட்டும் விட்டுவிடாது, பிரதேச செயலகங்களிலும் தபாற் கந்தோர்களிலும் செய்ய இடமளிக்குக.

மூன்றாவது, சொந்த வண்டிகளை வாயிலுக்குக் கீழே நிறுத்தி, நுவரெலியா, அம்பேவெல, ஒகிய ஆகிய இடங்களிலிருந்து பொதுப் பஸ் வண்டிகளை விடுக. நெரிசலும் புகையும் குறையும். வண்டியில்லாதவருக்கும் வழி பிறக்கும்.

நான்காவது, தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படிப்பு முடியுமுன் ஒரு முறையேனும் கட்டணமின்றிச் சமவெளியைக் காண ஏற்பாடு செய்க.

ஐந்தாவது, 1987 ஆம் ஆண்டு முதல் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. தமிழர் பெரும்பான்மையாய் வாழும் மாவட்டத்திலுள்ள இப்பூங்காவில் அறிவிப்பும் விளக்கமும் செவ்வையான தமிழில் இருத்தல் வேண்டும். அயற் தோட்டத்து இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றி வேலைக்கமர்த்துதல் வேண்டும். ஆண்டுதோறும் பெறப்படும் கட்டணம் எவ்வளவு, செலவு எதற்கு என்பதும் வாயிலிலேயே மும்மொழியிலும் எழுதப்படல் வேண்டும்.

அரசாங்கத்தாருக்குக் கூறியபின் எம்மவருக்கும் கூறுவோம். ஆசிரியரும் வைத்தியரும் சட்டத்தரணியுமாய் உயர்ந்துவிட்ட எம் மக்களே! வாயிலிற் பொலித்தீன் உறையை வாங்கிக் காகிதம் கொடுக்கும் காவலரிடம் முணுமுணுக்காதீர்கள். மரைக்குப் பிஸ்கட் நீட்டுவது அன்பு அன்று. அதன் காட்டுக் குணத்தைக் கெடுத்து அதனை இரவலனாக்குவதாகும். அடுத்த முறை செல்லும்போது உங்கள் வண்டியில் ஓர் இடம் இருக்குமாயின், லயத்திலிருந்து ஒரு பிள்ளையைத் தாய் தந்தையின் இசைவுடன் அழைத்துச் செல்லுங்கள்.

மலை யாரையும் விலை கேட்பதில்லை. அதன் நீர் மேட்டுக்காணி, பள்ளக்காணி பாராது இறங்கி வருகின்றது. அதன் வாயிலில் அமர்ந்திருக்கும் அதிகாரமும் வருவோனிடம், உன் பையில் எவ்வளவு உண்டு என்று கேளாது, உன் முறை வந்ததா என்று மட்டும் கேட்குமாறு செய்தல் அரசாங்கத்தின் கடன். அதனைச் செய்வார்களா? டயகமத்துச் சிறுவன் ஒருவன் தன் வீட்டுக்கு மேலேயுள்ள மலையைப் படத்திற் பார்த்தே வளரும் நிலை இனியேனும் ஒழியுமா?